ஷோரூம் கைவிரித்துவிட்டால் குறையுள்ள காருக்கு யார் பொறுப்பு, எங்கே போவது?

கரூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். 14 மாதங்களுக்கு முன்பு கோவையில் ஒரு ஷோரூமில் 11.8 லட்சம் ரூபாய்க்கு ஏ.எம்.டி. கியர் (கிளட்சை நாம் மிதிக்காமல் தானே மாறும் கியர்) உள்ள புது கார் வாங்கினீர்கள். நாலாவது மாதத்திலிருந்தே சிக்னலில் நின்று கிளம்பும்போது ஆக்சிலேட்டரை மிதித்தாலும் இரண்டு மூன்று வினாடி வண்டி நகர்வதில்லை, பிறகு வெட்டி இழுக்கிறது. ஐந்து முறை சர்வீஸுக்கு விட்டாயிற்று. ஒருமுறை வெள்ளகோவில் தாண்டி நடுரோட்டில் நின்றுபோய், டோ பண்ணித்தான் கொண்டுபோனீர்கள். முதலில் "சாஃப்ட்வேர் அப்டேட் போட்டாச்சு" என்றார்கள். அப்புறம் "நீங்க ஓட்டற விதத்துல கிளட்ச் தேஞ்சிருச்சு, அது வாரண்டியில வராது" என்றார்கள். கடைசியில் "நாங்க விக்கறவங்கதான், குறைன்னா கம்பெனியைக் கேளுங்க." கம்பெனிக்கு மெயில் போட்டால் "உங்கள் டீலரை அணுகவும்" என்று பதில். யார் மேல் கேஸ் போடுவது, புது வண்டி கிடைக்குமா, எவ்வளவு செலவாகும், அதுவரை இ.எம்.ஐ. கட்டுவதை நிறுத்தலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் பல வருடங்களாக வழக்கு நடத்துகிற வக்கீல். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதில்தான் பலர் அவசரப்பட்டு மாட்டிக்கொள்கிறார்கள். இ.எம்.ஐ.யை நிறுத்தாதீர்கள். கடன் ஒப்பந்தம் உங்களுக்கும் வங்கிக்கும் இடையே. வண்டியில் குறை என்பது வங்கிக்கு எதிரான காரணம் ஆகாது. இரண்டு மூன்று தவணை தவறினால் சிபில் கெடும், வண்டியைத் தூக்கிக்கொண்டும் போவார்கள். வண்டி கையை விட்டுப் போனால் உங்கள் வழக்கின் முக்கியச் சாட்சியமே போய்விடும். கட்டிய வட்டியை இழப்பீட்டில் சேர்த்துக் கேட்கலாம்.

சரி, யார் மேல் போடுவது? இரண்டு பேர் மேலும். டீலர் முதல் எதிர்தரப்பு, தயாரிப்பு நிறுவனம் இரண்டாம் எதிர்தரப்பு. இதில் யோசிக்கவே வேண்டாம். கார் கம்பெனிக்கும் டீலருக்கும் இடையே உள்ள ஒப்பந்தம் பெரும்பாலும் முதலாளி-ஏஜென்ட் உறவாக இருக்காது. கம்பெனி டீலருக்கு விற்கும், டீலர் உங்களுக்கு விற்பார், இருவரும் தனித்தனி வியாபாரிகள் என்றே எழுதியிருப்பார்கள். அதனால் வரும் விளைவை 2021-இல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸ் எதிர் அந்தோனியோ பவுலோ வாஸ் வழக்கில் காட்டியது. கோவாவில் ஒருவர் 2011 மாடல் காருக்குப் பணம் கட்ட, டீலர் 2009-இல் தயாரான வண்டியைத் தலையில் கட்டிவிட்டார். கீழே மூன்று மன்றங்களும் டீலரோடு கம்பெனியையும் சேர்த்துப் பொறுப்பாக்கின. உச்ச நீதிமன்றம் கம்பெனியை விடுவித்தது. டீலர் செய்த தவறு கம்பெனிக்குத் தெரியும் என்று புகாரில் சொல்லப்படவும் இல்லை, நிரூபிக்கப்படவும் இல்லை என்பதே காரணம். ஆக, தயாரிப்புக் குறைக்குக் கம்பெனி, விற்பனையிலும் சர்வீஸிலும் நடந்த தவறுக்கு டீலர் என்று இருவர் செய்ததையும் புகாரில் தனித்தனியாக எழுத வேண்டும். "எதிர்தரப்பினர் சேவைக் குறைபாடு செய்தனர்" என்று மொத்தமாக ஒரு வரி போட்டால் இருவரில் ஒருவர் நழுவுவார்.

மறுபக்கமும் உண்டு. ஜோஸ் பிலிப் மாம்பில்லில் வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் குறையுள்ள புது காருக்குக் கம்பெனியையும் டீலரையும் கூட்டாகவும் தனியாகவும் பொறுப்பாக்கியது. குறையை ஒப்புக்கொள்ளாமல் கடைசிவரை வழக்காடியதைக் கடுமையாகவே கண்டித்தது. உங்கள் டீலர் "நாங்க விக்கறவங்கதான்" என்று சொல்வது பாதிதான் உண்மை. உங்களிடம் பணம் வாங்கி பில் கொடுத்தது அவர். வாரண்டி வேலையைக் கம்பெனி சார்பில் செய்து கொடுக்க ஒப்புக்கொண்டிருப்பதும் அவரே. ஐந்து முறை வண்டியை வாங்கி வைத்துச் சரிசெய்யாமல் திருப்பித் தந்தது, 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி அவருடைய சொந்த சேவைக் குறைபாடு. அதற்குக் கம்பெனியைக் கைகாட்ட முடியாது.

இப்போது வழக்கு உண்மையில் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது என்பதற்கு வருகிறேன். ஜாப் கார்டில். வண்டியை விடும்போது சர்வீஸ் அட்வைசர் ஒரு டேப்லெட்டில் தட்டி, கையெழுத்து வாங்குகிறாரே, அதுதான். அதில் "வாடிக்கையாளர் சொன்ன குறை" என்று ஒரு கட்டம் இருக்கும். நீங்கள் பத்து நிமிடம் நின்று, சிக்னலில் எப்படி நிற்கிறது, மேம்பாலம் ஏறும்போது எப்படி வெட்டுகிறது என்றெல்லாம் சொல்லியிருப்பீர்கள். அவர் அதில் தட்டுவது "ஜெனரல் செக்கப்". இரண்டு வருடம் கழித்து எதிர்தரப்பு வக்கீல் அந்தத் தாளை எடுத்துக் காட்டி, "மனுதாரர் கியர்பாக்ஸ் பற்றி எந்தப் புகாரும் செய்யவே இல்லை, வழக்கமான சர்வீஸுக்குத்தான் வந்தார்" என்பார். பெரும்பாலான கார் வழக்குகள் அந்த ஒரு வரியில்தான் சாய்கின்றன.

என்னிடம் வந்த ஒருவர் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் வண்டியில் ஸ்டியரிங் பிரச்சினை. ஒவ்வொரு முறையும் கவுன்டரில் நின்று, "நான் சொன்ன வார்த்தையை அப்படியே எழுதுங்க, எழுதினப்புறம்தான் சாவி தருவேன்" என்று சொல்லி எழுத வைத்திருந்தார். அட்வைசர் மறுத்த ஒருமுறை, வீட்டுக்கு வந்ததும் அதே நாளில் சர்வீஸ் சென்டருக்கு மெயில் அனுப்பினார்: "இன்று காலை 10.20-க்கு வண்டியை விட்டேன், மீட்டர் 8,412, இன்ன குறை சொன்னேன், ஜாப் கார்டில் எழுத மறுத்தீர்கள்." பள்ளிக்கூட நோட்டு ஒன்றில் தேதி, கிலோமீட்டர், என்ன நடந்தது என்று மூன்று பத்தி. அவ்வளவுதான் அவர் செய்தது. அந்த நோட்டைப் பார்த்த பிறகு எதிர்தரப்பு "புகாரே வரவில்லை" என்ற வாதத்தை எடுக்கவே இல்லை.

நீங்கள் ஏற்கெனவே விட்ட ஐந்து முறைக்கும் ஜாப் கார்டு, இன்வாய்ஸ் நகல்களைச் சர்வீஸ் சென்டரிலிருந்து மெயிலில் கேட்டு வாங்குங்கள். சாஃப்ட்வேர் அப்டேட் போட்டது அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது உங்களுக்குப் பெரிய சாட்சியம்: குறையே இல்லாத வண்டிக்கு எதற்கு அப்டேட்? வண்டியைத் திருப்பி எடுக்கும்போது "வேலை முழுத் திருப்தி" என்ற தாளில் சாவிக்கு முன்பே கையெழுத்து கேட்பார்கள். கையெழுத்துக்கு மேலே "ஓட்டிப் பார்க்கவில்லை, குறை தொடர்ந்தால் தெரிவிப்பேன்" என்று கைப்பட எழுதிவிட்டுப் போடுங்கள். "இந்த மாடல்ல எல்லா வண்டியும் இப்படித்தான் சார், இது கேரக்டரிஸ்டிக்" என்று சொன்னால், அதே மாடல் டெமோ கார் ஒன்றைக் கேளுங்கள். அட்வைசரைப் பக்கத்தில் உட்கார வைத்து, ஒரே ரோட்டில் இரண்டையும் ஓட்டுங்கள். வித்தியாசம் தெரிந்தால் அதை ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். மறுத்தால் மெயில்.

அடுத்தது கிளட்ச். இதில் உங்களிடம் ஒளிக்காமல் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. கிளட்ச் தேய்மானம் பொதுவாக வாரண்டியில் வராது. வாரண்டி புத்தகத்தில் பிரேக் பேட், வைப்பர், கிளட்ச் டிஸ்க் எல்லாம் விலக்குப் பட்டியலில் இருக்கும். ஏ.எம்.டி. வண்டியை மேட்டில் பிரேக் பிடிக்காமல் ஆக்சிலேட்டரை மிதித்தே நிறுத்தி வைத்தால் கிளட்ச் சீக்கிரம் தேயும் என்பதும் உண்மை. ஆனால் ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். உங்கள் காலுக்குப் பதில் ஒரு ஆக்சுவேட்டர் கிளட்சை அழுத்தி விடுகிறது, எப்போது எவ்வளவு அழுத்துவது என்று ஒரு கம்ப்யூட்டர் சொல்கிறது. அந்த ஆக்சுவேட்டரிலோ கம்ப்யூட்டரிலோ கோளாறு இருந்தால் கிளட்ச் முழுதாகப் பிடிக்காமல் வழுக்கும், வழுக்கினால் தேயும். ஆகவே "கிளட்ச் தேய்ந்திருக்கிறதா" என்று கேட்டால் விடை அவர்களுக்குச் சாதகம். "16,000 கிலோமீட்டரில் கிளட்ச் ஏன் தேய்ந்தது, ஓட்டியதாலா, ஆக்சுவேட்டராலா" என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. நிபுணருக்கு அனுப்பச் சொல்லிப் போடும் மனுவில் இந்தக் கேள்வியை இதே வடிவில் எழுதுங்கள்.

அந்த மனு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவின் கீழ் வரும். பரிசோதனை இல்லாமல் குறையைத் தீர்மானிக்க முடியாது என்றால் ஆணையம் அங்கீகரிக்கப்பட்ட ஆய்வகத்துக்கு அனுப்பலாம். அறிக்கை 45 நாளில் வர வேண்டும். நடைமுறையில் பொறியியல் கல்லூரி ஆட்டோமொபைல் துறைப் பேராசிரியரையோ மோட்டார் வாகன ஆய்வாளரையோ நிபுணராகப் போட்டு, வண்டியை ஓட்டிப் பார்த்து அறிக்கை தரச் சொல்வதும் உண்டு. கட்டணத்தை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும். இதற்கான மனுவைப் புகாரோடு சேர்த்தே போடுங்கள். தள்ளிப்போட்டால் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், "60,000 கிலோமீட்டர் ஓடிய வண்டியில் தயாரிப்புக் குறை எப்படி இருக்கும்" என்று கேட்பார்கள். அது நியாயமாகத் தோன்றுகிற கேள்வி, பல வழக்குகளில் எடுபட்டும் இருக்கிறது.

அதுவரை கியர்பாக்ஸை வெளியே எந்த மெக்கானிக்கிடமும் திறக்க விடாதீர்கள். ஸ்கேனர் மாட்டிப் பார்ப்பது வேறு, அதில் எதையும் கழற்றுவதில்லை. வண்டி வெட்டிய அன்றே, நம்பிக்கையான கராஜில் ஸ்கேனர் போட்டு, வருகிற ஃபால்ட் கோடுகளை, அதாவது வண்டியின் கம்ப்யூட்டர் காட்டும் கோளாறு எண்களை, மீட்டரோடு சேர்த்து போட்டோ எடுத்து வையுங்கள். சர்வீஸ் சென்டரில் விட்டால் கோடுகளை அழித்துவிட்டு "எதுவும் காட்டவில்லை" என்று சொல்ல இடம் உண்டு. போன் வீடியோவும் எடுங்கள், ஆனால் ஓட்டுகிறவர் எடுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். அவற்றைத் தாக்கல் செய்யும்போது பாரதிய சாட்சிய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுச் சான்றிதழை (மின்னணு ஆதாரங்களுக்கானது) இணைத்துவிட்டால் பின்னால் ஆட்சேபம் வராது.

புது வண்டி கிடைக்குமா? கேட்கலாம். கிடைப்பது நிரூபணத்தைப் பொறுத்தது. 2006-இல் மாருதி உத்யோக் எதிர் சுஷீல் குமார் கப்கோத்ரா வழக்கும் கிளட்ச் பற்றியதுதான். வாரண்டி ஒப்பந்தம் குறையுள்ள பாகத்தைச் சரிசெய்யவோ மாற்றவோதான் சொல்கிறது, முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்று உச்ச நீதிமன்றம் காரை மாற்றும் உத்தரவை நீக்கிவிட்டு, இழப்பீடு மட்டும் கொடுத்தது. உங்கள் வழக்கில் எதிர்தரப்பு முதலில் காட்டப்போகும் தீர்ப்பு இதுதான், தயாராக இருங்கள். ஆனால் 2011-இல் அறிக்கையிடப்பட்ட சி.என். அனந்தராம் எதிர் ஃபியட் இந்தியா வழக்கில், தனி நிபுணர் பார்த்து உள்ளார்ந்த தயாரிப்புக் குறை என்று சொன்னால் காரின் விலையை வட்டியோடு திருப்பித் தர வேண்டும் என்று அதே நீதிமன்றம் சொன்னது. 2022-இல் ஹுண்டாய் எதிர் சைலேந்திர பட்நாகர் வழக்கில், விபத்தில் ஏர்பேக் விரியாத கிரெட்டா காரை மாற்றித் தரும் உத்தரவை உறுதிசெய்தது. மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்குப் போடும் இயற்பியல் நிபுணராக நுகர்வோர் இருக்க வேண்டியதில்லை என்றும் அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. எனக்குப் பிடித்த வரி அது.

ஆகவே வேண்டுகோளை இரண்டு அடுக்காக எழுதுங்கள். முதலில் வண்டியை மாற்றித் தர அல்லது விலை, சாலை வரி, காப்பீடு எல்லாவற்றையும் வட்டியோடு திருப்பித் தர. அது இல்லையென்றால் மாற்றாக, ஆக்சுவேட்டரும் கிளட்சும் உள்பட முழு அமைப்பையும் இலவசமாகப் புதிதாகப் போட்டு, அதற்குத் தனி வாரண்டி தர. இரண்டிலும் டோ செலவு, வாடகைக் கார் பில், மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு. முதல் கோரிக்கையை மட்டும் எழுதி, அது கிடைக்காமல் வெறுங்கையோடு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். விலையைத் திருப்பித் தரச் சொல்லும்போது ஓடிய கிலோமீட்டருக்கு ஒரு தொகையைக் கழிப்பதும் உண்டு என்பதை மனதில் வையுங்கள்.

கேஸ் போட நீங்கள் கோவைக்கு அலைய வேண்டாம். 2019 சட்டம் வந்தபின் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம், அதாவது கரூர் மாவட்ட ஆணையம் போதும். பில்லில் "கோவை நீதிமன்ற வரம்புக்கு உட்பட்டது" என்று அச்சடித்திருந்தாலும், தகராறு வந்தால் ஆர்பிட்ரேஷன் (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பு) என்று ஒப்பந்தத்தில் இருந்தாலும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை அது அடைக்காது. கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். 10 முதல் 20 லட்சம் வரையிலான விலைக்குக் கட்டணம் 400 ரூபாய்தான். வக்கீல் கட்டாயமில்லை. நுகர்வோர் வழக்குகளுக்கான அரசின் இ-ஜாக்ருதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். எதிர்தரப்பு 30 நாளில் பதில் போட வேண்டும், ஆணையம் கூடுதலாக 15 நாள் தரலாம். அதற்கு மேல் ஒரு நாளும் கிடையாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே சொல்லிவிட்டது. பரிசோதனை தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்பது சட்டம். நீங்கள் ஒரு வருடத்துக்கு மேல் ஆகும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஜெயித்த பின் அவர்கள் மாநில ஆணையத்துக்கு அப்பீல் போனால், தீர்ப்புத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போக முடியும். உத்தரவை மதிக்காவிட்டால் சிறை வரை போகும் பிரிவு 72 இருக்கிறது.

காலக்கெடுவில் மட்டும் கவனம். வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடம். ஒவ்வொரு முறை சரிசெய்யத் தவறியதும் புதுக் காரணம் என்று வாதிடலாம். அந்த வாதத்தை நம்பி உட்காராதீர்கள். வண்டி வாங்கிய தேதியிலிருந்தே எண்ணி, உங்களுக்கு 10 மாதம் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாக்கலுக்கு முன் இரண்டு காரியம் செய்யலாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அது உத்தரவு போடாது, ஆனால் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு நேராகப் போகும், சில சமயம் அதிலேயே காரியம் முடிந்துவிடும். இன்னொன்று, உங்கள் சேஸிஸ் நம்பரைக் கம்பெனி இணையதளத்தின் ரீகால் (குறையுள்ள வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அதே பாகத்துக்கு ரீகால் அறிவித்திருந்தால் "ஓட்டுற விதம்" என்ற பேச்சே எடுபடாது. 2021 ஏப்ரலிலிருந்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவின்படி, போதுமான புகார்கள் சேர்ந்தால் மத்திய அரசே ரீகாலுக்கு உத்தரவிடலாம். ஆகவே மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்திலும் உங்கள் புகாரைப் பதிந்து வையுங்கள், பின்னால் வருகிறவர்களுக்கும் உதவும்.

"வெளியே ஆயில் மாத்தினீங்க, வாரண்டி போச்சு" என்று ஒருவேளை எடுத்தால், 2014-இல் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்கள் மீது போட்ட உத்தரவைச் சொல்லுங்கள். வெளியே வேலை பார்த்ததற்காக மொத்த வாரண்டியையும் ரத்து செய்யக் கூடாது, அந்த வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றது அது. அந்த உத்தரவு மேல்முறையீடுகளுக்குப் போனது, அதனால் அதை மட்டுமே நம்பி நிற்க வேண்டாம்.

போலீஸில் மோசடிப் புகார் கொடுக்கலாமா என்று ஒரு வரி கேட்டிருந்தீர்கள். உங்கள் விஷயத்தில் வேண்டாம். பழைய வண்டியைப் புதுசு என்று விற்றது, மீட்டரைத் திருத்தியது என்றால் அது வேறு. இது சரிசெய்ய மறுக்கும் விஷயம், சிவில் தகராறு என்று அனுப்பிவிடுவார்கள்.

இந்த வாரம் நோட்டீஸை அனுப்புங்கள். டீலருக்கு ஒன்று, கம்பெனியின் பதிவு அலுவலக முகவரிக்கு ஒன்று. நீளமாக வேண்டாம், ஒன்றரைப் பக்கம்: வாங்கிய தேதி, ஐந்து தேதிகள், ஒவ்வொன்றிலும் மீட்டர், நீங்கள் சொன்னது, அவர்கள் சொன்னது, வெள்ளகோவிலில் நின்ற நாள், டோ பில். கடைசியில் 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும் என்றும், வாரண்டி மறுப்பது வாரண்டி புத்தகத்தின் எந்த ஷரத்தின்படி என்று குறிப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்றும் எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட்டிலும் மெயிலிலும் அனுப்பி, டெலிவரி ஆன விவரத்தை அன்றே பிரிண்ட் எடுத்துவிடுங்கள். வாயால் கைவிரித்தவர்கள் எழுத்தில் என்ன சொல்கிறார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் புகாரை எழுதலாம். பதில் வந்தால் அதையும், வாரண்டி புத்தகத்தில் விலக்குப் பட்டியல் உள்ள பக்கத்தையும் இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.